மீதி எட்டு

காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, முதல் சொம்பு வெந்நீரை முதுகில் ஊற்றும்போதே பாண்டிச்செல்விக்கு மனசுக்குள் வகுத்துப் பார்க்க நூற்றியொன்று வந்துவிட்டது. நேற்றுத் தொண்ணூற்றேழு, அதற்கு முன்னால் எண்பத்தொன்பது, ஒரு குளியலுக்கு ஒரு எண், சில நாள் பாதியில் அறுந்துபோய் மறுநாள் முதலிலிருந்து. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கும் துவைகல்லுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத்தான் இடம். பிள்ளை குளிக்கும்போது கண் பட்டுவிடும் என்று அத்தை இந்தப் பக்கம் யாரையும் விடமாட்டாள், முட்டி வலியால் அத்தையும் வரமாட்டாள், அதனால் மாமியார் வீட்டில் அவளுக்கென்று இருக்கிற நேரம் இது ஒன்றுதான். இருநூற்று அறுபதில் நூற்றியொன்று இரண்டு தடவை, மிச்சம் ஐம்பத்தெட்டு. பிள்ளை காலை உதைத்தது. எண்ணெய் வழுக்கியது. இடது கையால் அக்குளில் பிடித்துக்கொண்டு, வலது கையால் பயத்தமாவைக் குழைத்து, கழுத்து மடிப்பில், முழங்கை மடிப்பில், தொடை இடுக்கில். மடிப்புக்கு மடிப்பு அழுக்கு திரண்டு வந்தது, பால் நாற்றம் அடிக்கிற அழுக்கு. இரண்டை இறக்கினால் ஐந்நூற்று எண்பத்திரண்டு, ஐந்து தடவை, மிச்சம் எழுபத்தேழு. இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகக் குளிப்பாட்டலாம். இன்றைக்கு அவசரப்படுத்த மாட்டார்கள். சாத்தூரிலிருந்து மதினி, வீட்டுக்காரரின் அக்கா, பஸ் ஏறிவிட்டாள் என்று காலையிலேயே போன் வந்துவிட்டது. மதினி வந்து, தவிட்டைக் கொட்டி, பிள்ளையை வாங்கிக்கொண்டு போகப்போகிறாள். மிச்சம் எவ்வளவு சொன்னோம், எழுபத்தேழு, அதோடு இரண்டு, எழுநூற்று எழுபத்திரண்டு.

வகுக்க எடுத்துக்கொண்ட எண்ணைப் பற்றிக் கவலையே இல்லை, அது நெற்றிக்குள் ஆணி அடித்து மாட்டிய மாதிரி நிற்கும். இரண்டு கோடியே அறுபது லட்சத்து இருபத்திரண்டாயிரத்து இருபத்து மூன்று. பிள்ளையின் எண். இருபத்தாறாந் தேதி, இரண்டாம் மாதம், இரண்டாயிரத்து இருபத்து மூன்று, நடுவில் புள்ளி வைக்காமல் ஒட்டி எழுதினால் 26022023. பேக்கரி மாடியில் உட்கார்ந்திருக்கிற எண் ஜோசியர் அப்படித்தான் எழுதுவாராம். எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு இழுத்து, எல்லாவற்றையும் கூட்டிப் பதினேழு என்றாராம், ஒன்றும் ஏழும் எட்டு என்றாராம், பிறந்த தேதியும் இரண்டும் ஆறும் எட்டு, ரெட்டை எட்டு, சனியும் சனியும் என்று பேனாவை மூடி வைத்துவிட்டாராம். அத்தை வந்து சொன்னபோது செல்வி பச்சை உடம்புக்காரி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "தகப்பனுக்கு ஆகாதாம்டா தவமணி. அஞ்சு வயசு முடியிற வரைக்கும் ஒரு கூரைக்குள்ள இருக்கப்பிடாதாம்." அவள் வீட்டுக்காரர் எதற்குமே உடனே ஒன்றும் சொல்கிறவர் இல்லை. பார்சல் ஆபீஸில் லோடு ஏற்றும்போது ஒரு பண்டல் சரிந்து மணிக்கட்டில் விழுந்தது, அதற்கப்புறம் அவர் பேசுவதற்கே அவசியம் இல்லாமல் போய்விட்டது. கட்டுப் போட்ட கையோடு நிலைப்படியில் நின்றுகொண்டு பிள்ளையைப் பார்ப்பார். அதற்கு முன்னால் தூக்கியிருக்கிறார். ஒரு உள்ளங்கையில் தலையும் ஒரு உள்ளங்கையில் பிட்டமுமாக வைத்துக்கொண்டு, "இம்புட்டுக் கனமாடி இருக்கும்?" என்று கேட்டவர். இப்போது நிலைப்படியோடு சரி. மின்கம்பத்தில் சாய்ந்து நிற்கிற மாட்டைத் தள்ளி நின்று பார்ப்பதுபோல. ஏழு தடவை, மிச்சம் அறுபத்தைந்து. பண்டல் கட்டுகிற சணல் இற்றுப்போயிருந்தது என்று அவரே சொன்னாரே. சணலுக்கு என்ன கூட்டு எண்ணோ.

பிள்ளையைத் திருப்பி மல்லாக்கப் போட்டாள். முகம் சிவந்து, வாய் கோணி, அழப்போகிற மாதிரி வந்து, அழாமல், அவள் முகத்தையே பார்த்தது. மூக்கை எடுத்துவிட வேண்டும், சுண்டுவிரலால் நடுவில் லேசாக. பொம்பளப்பிள்ளைக்கு மூக்கு எடுப்பா இருக்கணும் என்று அத்தை சொல்லிக்கொடுத்தது. மூக்கு எடுப்பாக இருந்தால் மதினிக்குத்தானே அழகு. எட்டு, எட்டு என்கிறார்களே, எட்டு எங்கிருந்து வந்தது? ஆறாங்கிளாஸ் வரைக்கும் படித்த அவளுக்கே தெரியும், எந்த எண்ணையும் இலக்கம் இலக்கமாகக் கூட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது ஒன்பதால் வகுத்தால் வருகிற மீதி, அவ்வளவுதான். பெரிய கூட்டல் சரியா என்று பார்க்கக் கணக்கு சார் சொல்லிக்கொடுத்த வழி அது. ஒன்பதுகளைத் தள்ளு, மிச்சத்தைப் பார். மீதி எட்டு. எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து என்று போய்க்கொண்டே இருக்கும் அந்த எண்கள், ஒன்பதுக்கு ஒன்று தப்பாமல். அப்படியென்றால் இந்தத் தெருவில் ஒன்பது பேருக்கு ஒருவர் அப்பனுக்கு ஆகாதவர். கம்மாய்க்கரை வரைக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டால் எத்தனை அப்பன் செத்திருக்க வேண்டும்? அத்தைக்கு மட்டும் பயமில்லை, அவளுக்குத் தேதியே கிடையாது. பெரிய மழைக்கு மறுவருசம் பிறந்தேன் என்பாள். எண் இல்லாதவள். எதாலும் வகுக்க முடியாது, எதுவும் மிஞ்சாது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அவள் வாயைத் திறந்து இந்த வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், விடை நாக்கு நுனியில் நிற்கும், சார் பார்த்தால் குனிந்துகொள்வாள், பக்கத்தில் இருக்கிறவள் காதில் சொல்வாள், அவள் எழுந்து சொல்லி உட்காருவாள். கணக்கு வரும் என்பது ஒரு பிள்ளைக்குப் பேன் இருக்கிற மாதிரி, வெளியே தெரியாமல் சொறிந்துகொள்ள வேண்டியது.

அறுநூற்று ஐம்பது, ஆறு தடவை, மிச்சம் நாற்பத்து நாலு. காதுக்குள் தண்ணீர் போகாமல் பெருவிரலாலும் நடுவிரலாலும் இரண்டு காதையும் மூடித் தலைக்கு ஊற்றினாள். சார் கற்றுக்கொடுத்ததில் அவளுக்குப் பிடித்த வார்த்தை ஒன்று இருந்தது, பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதற்கும் வகுபடாதது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, யார் வந்து பங்கு கேட்டாலும் ஒரு துண்டு மிச்சம் வைத்துக்கொண்டு நிற்கிற முரட்டு எண்கள். மற்றதெல்லாம் பகு எண், பங்கு போடத் தோதானது. பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுப்பது என்று மதினியும் அத்தையும் பேசி முடித்த அன்றைக்குத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. இந்த எண் பகா எண்ணாக இருந்துவிட்டால் பிள்ளையை யாரும் பிரித்துக்கொண்டு போக முடியாது. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளாகச் சொல்லிக்கொண்டாள். பேக்கரி மாடிக்காரனுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தால் வாய்க்குள் கசந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒற்றைப்படை, அதனால் இரண்டு இல்லை. கூட்டினால் பதினேழு, அதனால் மூன்று இல்லை. கடைசியில் மூன்று, அதனால் ஐந்து இல்லை. ஏழால் வகுத்தால் ஆறு மிச்சம், பதினொன்றால் ஐந்து, பதின்மூன்றால் வகுத்தபோது ஒன்றே ஒன்று, மயிரிழையில் தப்பியது. பிறகு பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று. எல்லாம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. எதுவரைக்கும் பார்க்க வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டு எண் சேர்ந்து பெருகி இது வரவேண்டுமானால் இரண்டில் சின்னது ஐயாயிரத்து நூற்றுச் சொச்சத்துக்குள் இருந்தாக வேண்டும். ஒரு குளியலுக்கு ஒன்று என்று போனால் பிள்ளை தவழ்ந்து, நடந்து, சொம்பைத் தானே பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் வயசாகிவிடும். அவளுக்கு இருப்பது இந்தக் குளியல் ஒன்றுதான். நானூற்று நாற்பத்திரண்டு, நாலு தடவை, முப்பத்தெட்டு. முந்நூற்று எண்பத்து மூன்று, மூன்று தடவை. மிச்சம் எண்பது. போகவில்லை. நூற்றியொன்றும் போகவில்லை. அவள் பிள்ளையின் ஈர நெற்றியில் உதட்டை வைத்தாள். வெள்ளரிப்பிஞ்சு வாடை.

தவிட்டுக்குக் கொடுப்பது ஊர் உலகத்தில் நடக்காததா என்று அத்தை கேட்டாள். நடக்கிறதுதான். செல்வி பிறந்த தெருவில் ஒரு தவுட்டுராசா இருந்தான், முந்தின பிள்ளைகள் தங்காமல் போனதால் இவனைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றார்கள், விற்று, காப்பி ஆறுவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதுதான் முறை. சாமி கண்ணில் மண்ணைத் தூவுவது, இது எங்க பிள்ளை இல்ல, அவ பிள்ளை என்று. அஞ்சு வருசத்துக்குக் கொடுக்கிறவர்களை யார் பார்த்தார்கள்? மதினிக்குக் கல்யாணமாகி இத்தனை வருசமாகியும் வயிறு திறக்கவில்லை. கோமதி மதினி நல்லவள்தான், அதுதான் பயம். கொடுமைக்காரியாக இருந்தால் பிள்ளை திரும்பி வந்துவிடும். மதினி நெஞ்சில் போட்டுத் தூங்கவைப்பாள், சோறு ஊட்டக் குருவி காட்டுவாள், அஞ்சு வயசில் பிள்ளை இவளைப் பார்த்து, யாரும்மா இது என்று மதினி சேலைக்குள் ஒளியும். கழுத்து நிற்கட்டும் என்று மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். ஒவ்வொரு நாளும் அவள் பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நிற்காதே, நிற்காதே என்று. எந்தத் தாயாவது அப்படி நினைப்பாளா? அது ஒருநாள் குப்புற விழுந்து, தலையை ஆமைபோல நிமிர்த்தி, ஈறு தெரியச் சிரித்தது. அவள் கதவைச் சாத்தினாள். அத்தை ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தாள்.

துண்டில் சுற்றித் தூக்கினாள். வெயில் அதற்குள் துவைகல்லில் ஏறிவிட்டது. உள்ளே அத்தை விளக்கேற்றி மணியை ஆட்டுகிற சத்தம், அதற்கப்புறம் சர்ரென்று தாள் கிழிகிற சத்தம். இந்த வீட்டில் அப்படித்தான். சூரியன் வந்து, அத்தை குளித்து, விளக்கு ஏற்றி, அப்புறம்தான் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக்கூடாது, அதுவரைக்கும் இன்றைக்கு என்பதே கிடையாது. கல்யாணமான புதிதில் செல்வி தெரியாமல் விடிகாலையில் கிழித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். "தாள் கிழிக்காம நாள் எப்பிடிம்மா பிறக்கும்? நீ காலண்டர் ஆபீஸ்ல கிடந்தவ, உனக்கு அது வெறும் காயிதம்." கிடந்தவள்தான். ஆறாங்கிளாஸ் முடித்த லீவில் போனவள் கல்யாணம் வரைக்கும் அங்கேதான், தேதித்தாள்களை வரிசை பார்த்து அடுக்கிப் பின் அடிக்கிற வேலை. கருப்பு கருப்பு கருப்பு கருப்பு கருப்பு கருப்பு, சிவப்பு. சிவப்பு வந்தால் ஞாயிறு, ஒரு வாரம் சரி. அடுக்கும்போது எண்ணைப் பார்க்கவே வேண்டாம், நிறத்தைப் பார்த்தே கை தடுமாறாமல் ஓடும். துண்டுக்குள் பிள்ளை தும்மியது. சிவப்பு. ஜோசியரிடம் போக அத்தை இடுப்பில் செருகியிருந்த தாள் சிவப்பு. விடிகாலையில் பிரசவம் ஆகி வார்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது இருட்டு விலகவில்லை. பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு அத்தை அப்போதே வீட்டுக்குப் போய், விளக்கேற்றாமல், குளிக்காமல், சுவரில் தொங்கியதைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். அதைக் கண்ணால் பார்த்தாள் செல்வி, தாளின் ஓரம் சேலை மடிப்பில் சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்தது, ரத்தம் என்று ஒரு நிமிசம் நினைத்தாள். சிவப்பென்றால் ஞாயிறு. ஆனால் விடிந்ததும் அவர் வந்தார். வார்டு வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "திங்கக்கிழம, மெட்ராஸ் லோடு, போயிட்டு வந்துருதேன்" என்று போனார். பிள்ளை பிறந்த அன்றைக்கும் லோடா என்று அவள் நாள் முழுக்க அழுதாள், திங்கட்கிழமையை அவள் மறப்பாளா? வலி எடுத்தது ஞாயிறு. பிள்ளை வந்தது திங்கள். சுவரில் தொங்கியது கிழிக்காத ஞாயிறு. அவள் ஈரத்தோடு துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தேழு. இரண்டும் ஏழும் ஒன்பது. 27022023. ஒரு தாள் கிழிந்தால் எண் பத்து லட்சம் ஏறிவிடுகிறது, ஒரு நாளுக்குப் பத்து லட்சம். ஆனாலும் கூட்டினால் ஒன்றே ஒன்றுதான் கூடுகிறது, பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. ரெட்டை ஒன்பது. மீதி இல்லை. எதுவும் மிஞ்சவில்லை. சந்தோஷமா என்று தெரியவில்லை. மனசு தன் வேலையை நிறுத்தவில்லை, கிறுக்குப் பிடித்த மனசு, புது எண்ணை எடுத்துப் போட்டு வகுக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றுக்குப் போகிறது. ஒன்பதுக்குப் போகிறது, முப்பது லட்சத்து இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தேழு. ஏழுக்கு? இருபத்தேழில் மூன்று தடவை, ஆறு மிச்சம், அறுபதில் எட்டு, நாலு மிச்சம், நாற்பத்திரண்டில் ஆறு, சரியாக, இரண்டில் பூச்சியம், இருபதில் இரண்டு, ஆறு, அறுபத்திரண்டில் எட்டு, ஆறு, அறுபத்து மூன்றில் ஒன்பது. மிச்சமில்லை. ஏழுக்கும் போகிறது. இருபத்தொன்றுக்குப் போகும், அறுபத்து மூன்றுக்குப் போகும். வெட்டி வைத்த கருப்பட்டி மாதிரி யார் கேட்டாலும் பங்காகிறது. அவள் இத்தனை நாள் கட்டிக்காத்த முரட்டு எண் யாருடையதோ, அந்த ஞாயிற்றுக்கிழமை பிறந்த யார் பெற்ற பிள்ளையுடையதோ. இதுதான் இவளுடையது, இந்தப் பணிந்துபோகிற எண். இருந்துவிட்டுப் போகட்டும், பங்காகட்டும், வகுபடட்டும், ஜோசியருக்கு ஒன்பது நல்ல எண், அது போதும். போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும். அத்தை தப்பு செய்தாள் என்று ஆம்பளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? மதினியின் வீட்டுக்காரர் அழகர் மச்சான் இருப்பார். பிள்ளையைச் சாம்பிராணிப் புகையில் காட்டினாள், புகை முடிக்குள் புகுந்து வெளியே வந்தது. கன்னத்தில் பொட்டு, உள்ளங்காலில் பொட்டு. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

கூடத்தில் சுளகு நிறையத் தவிடு இருந்தது. மதினி பட்டுச்சேலையில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள், அழகர் மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில் காப்பியோடு. செல்வியின் வீட்டுக்காரர் நிலைப்படியில், வழக்கமான இடத்தில். "குளிச்சு முழுகி வாராகளாக்கும் மகாராணி" என்று மதினி கையை நீட்டினாள், "வாடி என் சீனிக்கட்டி, அம்மாட்ட வா." அழகர் மச்சான் சுளகைக் காட்டி, "நயந்தவிடு, செல்வி. எங்க மில்லுல இதுக்கு வரிசையில நிக்கானுக. உம் மக வெல கூடுன ஆளு" என்றார். அத்தை சிரித்தாள். "சரி சரி, எமகண்டத்துக்கு முன்ன முடிச்சிருவோம். செல்வி, நீ மடிய ஏந்து, அவ தவிட்டப் போடட்டும்." செல்வி மடியை ஏந்தவில்லை. "அத்தே" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "பாப்பா பிறந்தது இருபத்தாறு இல்ல. இருபத்தேழு. நீங்க எடுத்துட்டு வந்தது கிழிக்காத தாளு. செவப்பு. பாப்பா பிறந்தது திங்கக்கிழம. அவுக லோடுக்குப் போனாகள்ல." எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அத்தை பார்த்தது மகனை. அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "திங்கக்கிழமதான்" என்றார். "பொழுது கிளம்பாம எப்பிடிடா திங்கக்கிழம ஆகும்?" என்றாள் அத்தை. அழகர் மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "நட்சத்திரம் பாக்கதுக்கு அது சரி அத்தே. நம்பர் பாக்கது இங்கிலீசுத் தேதிக்குல்ல. அது ராத்திரியே மாறிரும்." அவரே போனை எடுத்து, பேக்கரி மாடிக்காரருக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பேனா மூடி திறக்கிற சத்தம் கூடக் கேட்டது. "இருபத்தேழா சொல்றீங்க? இருங்க. ஒம்பது. கூட்டும் ஒம்பது. ரெட்டை ஒம்பதுங்க, அம்சமான எண். தகப்பனுக்கு ஒரு தோசமும் கிடையாது. இருக்கிற வீட்டைத் தூக்கி நிறுத்திரும்."

செல்வி சொல்லிவிட்டாள். சொன்னதும் நடந்துவிட்டது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள். அவர் நிலைப்படியை விட்டு வந்தார், மூன்று மாதத்தில் முதல்தடவை, வந்து பிள்ளையின் முஷ்டிக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்தார். பிள்ளை பிடித்துக்கொண்டது. அவர் சிரித்தார். அப்போது மதினி சொன்னாள், "இருக்கிற வீட்டத் தூக்கி நிறுத்தும்னு சொன்னாரு, கேட்டியாம்மா." அவள் கண் நிறைந்திருந்தது. "எட்டுன்னாலும் பரவால்லன்னுதான் நான் வாங்க வந்தேன். எனக்குப் போயி ஒம்பதாக் குடுத்துருக்கானே ஆண்டவன்." அத்தை மூக்கை முந்தானையில் துடைத்தாள். "அதாண்டி, நல்ல மனசுக்கு நல்லதுதான் வரும். செல்வி, பிள்ளையக் குடு." செல்வி புரியாமல் நின்றாள். "தோசம் இல்லன்னு சொன்னாருல்லத்தே." "சொன்னாரு. யாரு இல்லன்னா? அதுக்குன்னு வாசப்படி தாண்டி வந்த தவிட்டத் திருப்பி அனுப்புறதா? அவ வீடு வெளங்குமா? உனக்கென்ன, வயசு கிடக்கு, அடுத்த வருசம் ஒண்ணு பெத்துக்கிடுவ. அவ எங்க போவா?" அழகர் மச்சான் கூரையைப் பார்த்தார். செல்வி தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் சுண்டுவிரல் இன்னும் பிள்ளையின் கைக்குள் இருந்தது. "அக்கா ஆசப்பட்டு வந்துருச்சு" என்றார், விரலைப் பார்த்துக்கொண்டே, "சாத்தூர்தான. நெனச்சா போயிப் பாத்துக்கிடலாம்" என்றார். மெதுவாக விரலை உருவிக்கொண்டார்.

எட்டாக இருந்தாலும் போகும், ஒன்பதாக இருந்தாலும் போகும். கணக்கு முடிந்த பிறகுதான் எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள். எதை வகுத்தாலும் விடை ஒன்றுதான் என்றால் அவள் எதற்கு வகுத்தாள்? மதினியின் இரண்டு கைகளும் நீட்டியபடி இருந்தன, வளையல் போட்ட, மருதாணி வைத்த கைகள், ஆசையில் விரல்கள் லேசாக ஆடின. கொடுத்துவிடலாம், தூக்கி அந்தக் கையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. செல்வி யாரையும் பார்க்கவில்லை. சுவரோரமாய்ப் போய் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்துவிட்டாள், பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது, அத்தைக்கும் வராது. நாற்காலி நகர்ந்தது, ஆம்பளைகள் இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். "குடுக்கட்டும் குடுக்கட்டும், வழியில அழாம வரும்" என்றாள் மதினி, அன்பாகத்தான் சொன்னாள். பிள்ளை அவசரம் அவசரமாக இழுத்தது, மூக்கில் மூச்சு முட்டியது, சாம்பிராணி வாடை மேலே ஏறியது. குளித்த பிள்ளை, தூக்கம் சொக்கும், சொக்கினால் வாய் நழுவும், நழுவினால் அந்தக் கைகள். இழுப்பு மெதுவாகும்போதெல்லாம் செல்வி பிள்ளையின் உள்ளங்காலை நகத்தால் லேசாகக் கீறினாள். பிள்ளை சிணுங்கி மறுபடி இழுத்தது. வாசலில் ஆட்டோக்காரர் ஒருதரம் ஹாரன் அடித்தார். "ஆச்சாடி?" என்று அத்தை கேட்டாள். செல்வி மறுபடி கீறினாள், கொஞ்சம் அழுத்தி, காலில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்து சிவந்தது. கடைவாயில் பால் வழிந்தது. பிள்ளை கண்ணைச் சொருகி, வயிறு நிறைந்து, முலையை விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி சாய்ந்தது. செல்வி அதை எடுத்து மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.